பாஞ்சாலியின் கேள்விக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை

மகாபாரதத்தில் வரும் சூதாட்டச் சபைக் காட்சியை எடுத்தாலே "சூது குடியைக் கெடுக்கும்" என்று முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் கண்ணன் சேலை கொடுத்ததில் உருகிவிட்டுக் கலைகிறோம். (புனே பண்டார்கர் நிறுவனம் ஏடுகளை ஒப்பிட்டுக் கொண்டுவந்த செம்பதிப்பின் மூலத்தில், பாஞ்சாலி கண்ணனை வேண்டும் பகுதியே கிடையாது. அது தனிப் பஞ்சாயத்து.) எனக்கென்னவோ அந்தச் சபா பருவம் ஒரு வழக்குக் கட்டாகத்தான் தெரிகிறது.

முதல் ஓட்டை ஆட்டம் தொடங்கும்போதே விழுகிறது. பணயம் வைப்பது துரியோதனன், காய் உருட்டுவது சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமன் சொல்கிறான். சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆடவும் செய்கிறான். ஆட்சேபணையைச் சொன்னவனே பங்கேற்றால் அந்த ஆட்சேபணைக்கு என்ன மதிப்பு?

செல்வம் போகிறது. பிறகு நகுலன், சகதேவன், அர்ச்சுனன், பீமன், கடைசியில் தான். அதற்கப்புறம்தான் பாஞ்சாலி, அதுவும் சகுனி பெயர் சொல்லிக் கேட்ட பிறகு. அழைக்க வந்த ஆளிடம் அவள் அழவில்லை, கேட்டாள்: "முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? சபையில் கேட்டு வா."

அடிமைக்கு உடைமை இல்லை. இல்லாத உரிமையை வைத்து எப்படிப் பணயம் கட்டுவது? தன்னிடம் இல்லாத உரிமையை விற்பவன் கைமாற்ற முடியாது என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலும் உள்ள அடிப்படைதான். மனைவி சரக்கா என்ற கேள்வி அதற்கும் முந்தியது. சிரிக்க வேண்டாம்: இன்னொருவன் மனைவியோடு ஒருவன் உறவு கொண்டாலும் அவள் கணவன் சம்மதித்தால் குற்றமில்லை என்று சொன்ன இந்திய தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவு 1860இலிருந்து 2018 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பீஷ்மர் பதிலைப் பாருங்கள். உடைமை இல்லாதவன் அடுத்தவர் பொருளைப் பணயம் வைக்க முடியாது என்கிறார். உடனே, மனைவி கணவன் வசத்தில் இருப்பவள் என்கிறார். தர்மம் நுட்பமானது, வலியவன் எதைத் தர்மம் என்கிறானோ அதுவே சபையில் தர்மமாகிறது, இதைத் தருமனே சொல்லட்டும் என்று ஒதுங்குகிறார். எந்தச் செயல் செல்லுமா என்பது வழக்கோ, அதைச் செய்தவனையே நீதிபதியாக்கிவிட்டார்!

துணிந்து பேசியவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். வேட்டை, குடி, சூது, காமம் என்ற நான்கில் சிக்கியவன் செய்வதைச் செயலாகக் கொள்ளக் கூடாது. அவள் ஐவருக்கும் பொது. வைத்தவன் ஏற்கெனவே தோற்றவன். கேட்டுத் தூண்டியது எதிராளி. கச்சிதமான வாதம். கர்ணன் அடித்த பதில்: எல்லாவற்றையும் வைத்தபோதே அவளும் அடக்கம், பாண்டவர்களும் மறுக்கவில்லையே. மௌனத்தையே சம்மதமாக்கும் உத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது.

விதுரர் சொல்லும் கணக்கை அதிகம் பேர் எடுத்துப் பேசுவதில்லை. நிந்திக்க வேண்டியதைச் சபை நிந்திக்காவிட்டால் பாவத்தில் பாதி தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, மீதிக் கால் பங்கு வாய் திறக்காத உறுப்பினர்களுக்கு. செய்தவனைவிடத் தலைவனுக்கு இரட்டிப்பு! மனு நூலிலும் ஒரு பங்கீடு உண்டு. அங்கே செய்தவன், சாட்சி, சபையோர், அரசன் எனத் தலைக்குக் கால் பங்கு. பாரதம் இன்னும் கறார்.

கடைசியில் திருதராட்டிரன் வரம் தருகிறான். முதல் வரத்தில் தருமன் விடுதலை, இரண்டாவதில் மற்ற நால்வரும் ஆயுதங்களோடு. மூன்றாவது வேண்டாம் என்கிறாள் பாஞ்சாலி. சபையோருக்கு அப்பாடா என்றிருந்திருக்கும். ஆனால் விடுதலை வந்தது அரசன் கருணையால். பணயம் செல்லாது என்று எவரும் அறிவிக்கவில்லை, ஆட்டமும் தள்ளுபடியாகவில்லை. அதனால்தான் பாண்டவர்கள் ஊர் திரும்பும் வழியிலேயே ஆள் அனுப்பி மறுபடி ஆட அழைக்க முடிந்தது. இந்தத் தடவை பணயம் 12 வருடம் வனவாசம், 1 வருடம் அஞ்ஞாதவாசம். அதே சகுனிதான் காய் உருட்டினான்.