கியூஆர் ஒட்டினால் காஞ்சிப்பட்டு ஆகிவிடாது

பட்டுப்புடவையில் கியூஆர் கோடு ஒட்டி "ஸ்கேன் பண்ணிப் பாருங்க, அசல் காஞ்சிபுரம்" என்று விற்கிறார்கள். ஸ்கேன் செய்தால் என்ன தெரிய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் என் கவலை.

2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை, இழை சுத்தப் பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும். ஊர், தறி, சரிகை பற்றி அது எதுவும் சொல்லாது. காஞ்சிப்பட்டுக்கு 2005-06இல் பதிவான புவிசார் குறியீடு, அந்த ஊர்ச் சரக்கு மட்டும் அந்த ஊர்ப் பெயரில் விற்கலாம் என்ற சட்ட உரிமை. கையில் இருக்கும் புடவை எங்கே நெய்தது என்பதை அது தானாகக் காட்டிவிடாது.

கியூஆர் கோடு ஒரு படம், அவ்வளவுதான். ஒன்றைப் போனில் பிடித்து ஆயிரம் அச்சடித்தால் ஆயிரமும் "அசல்" என்றே காட்டும். ஆகவே புடவைக்கு ஒரு எண், பில் போட்டதும் அந்த எண்ணில் "விற்றாயிற்று" என்ற பதிவு, இரண்டும் கட்டாயம். போலிக் கோடு போலி இணையப் பக்கத்துக்கே கூட்டிப்போகும் என்பதால், எண்ணைச் சான்று தரும் அமைப்பின் தளத்தில் நாமே தட்டிப் பார்ப்பது நல்லது.

எண்ணையும் புடவையையும் எப்படிப் பிணைப்பது? விடை கோர்வையிலேயே, அதாவது உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து தறியிலேயே கோக்கும் முறையிலேயே, இருக்கிறது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை (குறுக்கு இழை), அதை ஓட்ட மூன்று நாடா, மறுபக்கம் ஓர் உதவியாள். இணைப்பைக் கையால் கோப்பதால் பின்பக்கத்தில் நுண்ணிய ஏற்றத்தாழ்வு விழும், அது புடவைக்குப் புடவை மாறும். தறியிலிருந்து அறுத்ததும் முந்தியிலிருந்து 1, 3, 5 மீட்டரில் அளவுகோல் வைத்து மூன்று படம் எடுத்து எண்ணோடு சேர்த்துவிட்டால், வாங்குபவர் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கோர்வை இல்லாத புடவைக்கு இந்த வழி உதவாது. அதற்குக் கிராம் எடையும் சரிகை அளவும்தான்.

சரிகையை எக்ஸ்ரே கருவி சில நொடிகளில் அளக்கும். ஆனால் கருவி காட்டும் சதவீதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் சரிகைக் கணக்கு: வெள்ளி 40%, தங்கம் 0.5%, செம்பு 35.5%, பட்டு 24%. கருவிக்குப் பட்டு தெரியாது. உலோகத்தை மட்டும் நூறாகக் கணக்கிட்டால் அதே சரிகை வெள்ளி 52-53% என்று காட்டும். இது தெரியாமல் 40 காட்டும் சரிகையைச் சரியென்று ஏற்றால் வெள்ளி குறைந்த சரக்கு தப்பிவிடும். புடவையை மடித்து வைத்து அளந்தாலும் அடியில் இருக்கும் மடிப்பின் சரிகை கணக்கில் கலக்கும். ஒற்றை மடிப்பில், இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்.

கியூஆருக்குப் பதில் என்எஃப்சி சில்லு (போனை அருகில் கொண்டுபோனால் தகவல் தரும் சின்ன மின்சில்லு) வைத்தால், அதைக் கரைக்குள் வைக்கக் கூடாது. பக்கத்தில் உலோகச் சரிகை இருந்தால் போன் அதைப் படிக்க முடியாமல் போகலாம். பிளாக்செயின் என்ற பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் மின்பதிவேடு, பதிந்ததை மாற்றவிடாது, பொய்யாகப் பதிந்ததையும் அப்படியே காப்பாற்றும். அதனால் முதல் பதிவைக் கடைக்காரர் செய்யக் கூடாது. நெசவாளர் புடவையைக் கொண்டுவந்து கொடுக்கும் சங்கத்தில், கூலி எழுதும் அதே மேசையில், அவர் முன்னாலேயே நடக்க வேண்டும்.