கேரளாவுக்குப் பின்வாசல் வழியா போங்க

தெரிஞ்சவங்க யார் கேரளா டூர் போனாலும் ஒரே ரூட்டுதான். கொச்சியில இறங்கி மூணாறு, தேக்கடி, ஆலப்புழா படகு வீடு. திரும்பி வந்ததும் ஆல்பம் முழுக்கப் பச்சை. அழகுதான், இல்லைங்கல. ஆனா அந்த மாநிலத்தோட விசேஷமே பச்சை இல்லைன்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்க.

அகலமான இடத்துலயே கேரளா சுமார் 120 கிலோமீட்டர்தான். அந்த ஒடுக்கத்துக்குள்ள 2,695 மீட்டர் ஆனைமுடியும் இருக்கு, கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையிற குட்டநாடும் இருக்கு. இந்த மாற்றத்தைத்தான் பார்க்கணும். அதுக்கு நம்ம உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு பஸ் ஏறணும்.

சின்னாறு செக்போஸ்ட் தாண்டினா கேரளா. ஆனா நம்பவே மாட்டீங்க. முள்ளுக்காடு, கள்ளி, பாறை, நட்சத்திர ஆமை. தென்மேற்குப் பருவமழை மேகமெல்லாம் மலையோட மேற்குச் சரிவுலயே கொட்டித் தீர்த்துடுது, இந்தப் பக்கத்துக்கு மிச்சம் மீதிதான். ஆறுகூட இங்க வேற திசை. கேரளாவோட 44 ஆறுகள்ல 41 மேற்கே ஓடுது. கிழக்கே வர்ற மூணுல ஒண்ணு பாம்பாறு, அதோட தண்ணிதான் நம்ம அமராவதி அணைக்கு.

மறையூர் வந்தா ரோட்டோரம் கம்பிவேலிக்குள்ள சந்தன மரங்கள். பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும், காவல்தான் பலமா இருக்கும்! பக்கத்துலயே கரும்பு, வெல்லம் காய்ச்சுற கொட்டகை. பாகு ஆறி இறுகுறதுக்குள்ள கையாலயே உருண்டை பிடிக்கிறாங்க. ஒவ்வொரு உருண்டையிலயும் விரல் தடம் அப்படியே பதிஞ்சிருக்கும். 2019ல புவிசார் குறியீடு வாங்கின வெல்லம் இது. கடையில வழவழன்னு அச்சுல வார்த்த மாதிரி இருந்தா வாங்காதீங்க.

அங்கிருந்து மூணாறு சுமார் 40 கிலோமீட்டர். அதுக்குள்ள தேயிலை, சோலைக்காடு, இரவிகுளம் புல்வெளி, வரையாடு எல்லாம் வந்துடும். (நீலக்குறிஞ்சிக்கு 2030 வரை பொறுக்கணும். 2018ல பூத்தப்ப பெருவெள்ளம் வந்து நிறைய பேரோட பிளான் பாழாப்போச்சு.)

"வெயில்ல காஞ்ச காட்டைப் பார்க்கவா லீவு போடுறது?"ன்னு கேட்பீங்க. ஆமா, அதுக்கும்தான். சின்னாறு வெக்கையில வேர்த்துட்டு அன்னைக்கே மூணாறு குளிருக்குள்ள நுழைஞ்சாத்தான் அந்த மலை எவ்வளவு மழையை மறிச்சு நிக்குதுன்னு உடம்புக்கே புரியும். கொச்சிப் பக்கமிருந்து ஏறினா கீழேயும் பச்சை, மேலேயும் பச்சை. பகல் பஸ்ஸாப் பாருங்க, ஜன்னல் சீட் கிடைக்கணும்னா முன்னாடியே போய் நில்லுங்க.