"அந்தக் கையைத் தூக்கவே கூடாது" என்பது தவறு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அந்தப் பக்கத்துக் கையால் ஆயுசுக்கும் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் வீங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை (நிணநீர் என்ற உடல் திரவத்தை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ நிணநீர் வடியும் வழி குறைகிறது. சிலருக்குக் கை வீங்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் எச்சரித்தார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர், சிகிச்சை முடித்த 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் (பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான படகில்) துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிப் படகுக் குழுக்கள் இருக்கின்றன. ஒரே வலியைக் கடந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுவது மனசுக்கும் பெரிய தெம்பு. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்கள் பங்கேற்றார்கள். மெதுவாகக் கூட்டிய எடைப் பயிற்சி அவர்களுக்கும் வீக்கத்தை அதிகமாக்கவில்லை.

அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிவிடும். தலை வாரக்கூடக் கை எழும்பாது. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே நகர்த்துங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள், கை எவ்வளவு முன்னேறுகிறது என்று தெரியும். எப்போது தொடங்கலாம், எவ்வளவு எடை என்பதை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கை கனத்தாலோ, மோதிரம் இறுகினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டிவிடுங்கள்.