விண்டோஸை அழிப்பதற்கு முன்

புதிய மடிக்கணினியில் உள்ள விண்டோஸை அகற்றிவிட்டு லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுவை நிறுவுவது அரைமணி நேர வேலை என்று, லினக்ஸுக்கு மாறுவது பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே தொடங்கப்படும் பல புதிய கணினிகளில் வட்டு தானாகவே, விண்டோஸின் வட்டுப் பாதுகாப்பு வசதியான பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்படுவதால், விண்டோஸையும் ஒரு பகுதியில் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும் நீலத் திரையைச் சந்திக்க நேரிடலாம். அந்தக் குறியீட்டை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது (அதே மடிக்கணினியில் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்!).

இன்டெல் செயலி கொண்ட சில மாதிரிகளில் நிறுவல் திரையில் எஸ்.எஸ்.டி. வட்டு தென்படவே தென்படாது. வட்டு பழுதாகிவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை, பயாஸில் வட்டுகளை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற இன்டெல் வசதியை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வைஃபை வேலை செய்யாதோ என்ற கவலையும் இப்போது குறைந்துவிட்டது: உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் என்ற லினக்ஸில், 2023இல் வெளியான டெபியன் 12 முதல், தேவையான ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோப்புகள் அதிகாரப்பூர்வ நிறுவல் படிமத்திலேயே சேர்க்கப்படுகின்றன.

விண்டோஸ் உரிமம் பறிபோய்விடும் என்று கட்டுரை அச்சுறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய மடிக்கணினிகளில் உரிமச் சாவி பொதுவாக கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருப்பதால், வட்டை முழுவதுமாகத் துடைத்த பின்னரும், அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் அது தானாகவே செயல்படுத்தப்பட்டுவிடும்.