பெரியம்மா பார்க்கிற சீரியல்

"சீரியலும் போனும் வந்து எங்கட சனத்தைக் கெடுத்துப்போட்டுது." வன்னியில் எந்தப் பரிசளிப்பு விழாவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார். சபையும் கை தட்டும். உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறவன் நான். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை, கோபமும் இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பெரியம்மா 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் தன் மகனைக் கடைசியாகக் கண்டவ. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கிய நாள் முதல் அந்தக் கொட்டிலுக்குப் போய்வருகிறவ. பின்னேரம் பஸ்சில் வந்து, கால் கழுவி, சாமிப்படத்துக்கு விளக்கு வைத்து, எட்டு மணிக்கு ரீவிக்கு முன்னால் பாயைப் போட்டு இருப்பா. சென்னையில் எடுத்த சீரியல் ஒன்று. செத்துவிட்டான் என்று படத்துக்கு மாலை போட்ட மகன், வருசக்கணக்கில் கழித்து உயிரோடு திரும்பி வருகிற கதை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "இப்பிடியும் நடக்குமோ" என்று சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. அடுத்த நாள் எனக்குச் சொன்னா: "தாய் மட்டும்தான் தம்பி அவன் செத்ததை நம்பேல்லை. வந்து இறங்கின உடன நேர தாயிட்டத்தான் போனவன்."

நானும் அந்தப் பகுதியைப் பார்த்திருந்தேன். அவன் முதலில் போனது காதலி வீட்டுக்கு.

1980களில் தமார் லீப்ஸ், எலிஹு காற்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இஸ்ரேலில் பல சமூகத்தவரைக் குழுக் குழுவாக இருத்தி, 'டலஸ்' என்ற அமெரிக்கத் தொடரைக் காட்டிக் கதை கேட்டார்கள். கணவனை விட்டுப் பிள்ளையோடு வெளிக்கிட்ட பெண் தன் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஓர் அரபுக் குழு சொன்னது. தொடரில் அவள் போனது பழைய காதலனும் அவனுடைய தகப்பனும் இருந்த வீட்டுக்கு. ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர்களோ, இதை எடுத்தவர்கள் எங்களை எதை நம்பவைக்கப் பார்க்கிறார்கள் என்று துருவினார்கள். அனுப்புகிறவர் வைத்த அர்த்தத்தைத்தான் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார் என்றில்லை, ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி மாற்றிப் பேரம் பேசலாம், எதிர்க்கலாம் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹோல் 1973இலேயே எழுதிவிட்டார். இதை நான் வகுப்பில் எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். பெரியம்மா சொன்ன அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

இன்னொன்று. 1990களில் வன்னிக்குள் கரண்ட் இல்லை, பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்போம். கேட்டு முடிந்ததும் எது மெய், எது பொய் என்று விடிய விடியக் கதை நடக்கும். அந்தச் சனத்தைப் பார்த்து 'ஊடகத்தால் கெட்டவர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ஜெர்மன் சிந்தனையாளர்கள் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் பண்பாடும் ஒரு கைத்தொழிலாகிவிட்டது என்று எழுதினார்கள். பார்க்கிறவரை அவர்கள் குறைத்து மதித்தார்கள் என்பது என் எண்ணம். ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது என்றது உண்மை. அந்த அச்சு யாருடைய கையில் இருக்கிறது? உலகச் செய்தி பணக்கார நாடுகளிலிருந்து ஒருவழியாகவே பாய்கிறது என்று யுனெஸ்கோ அமைத்த மக்பிரைட் ஆணைக்குழு 1980இல் சொன்னது. எங்களுக்கு அந்த ஒருவழி முக்கியமாகச் சென்னையிலிருந்து வருகிறது. எங்கள் ஒழுங்கைச் சின்னனுகள் விளையாடும்போது 'கதைக்காதை' என்பதில்லை, 'பேசாத' என்கிறார்கள். என் மாணவிகளின் கொப்பிகளில் கொரியப் பாட்டுக் குழுக்களின் படங்கள். அதுவும் தானாகக் காற்றில் வந்ததல்ல. தென் கொரியா பண்பாட்டுத் தொழில்களை வளர்க்க 1999இல் தனிச் சட்டமே போட்ட நாடு.

எங்கள் முகம் திரையில் வராமல் இல்லை. போராட்டக் கொட்டிலுக்கு எத்தனை கமரா வந்துபோனது! பெரியம்மா ஒருநாள் சொன்னா: "அழேக்கைதான் தம்பி படம் எடுக்கினம். சமைக்கேக்கை, சிரிக்கேக்கை ஒருத்தரும் எடுக்கேல்லை." நான் வாசித்த எந்த ஊடகக் கோட்பாட்டை விடவும் இந்த இரண்டு வசனம் எனக்குப் பெரிது.

போன தவணை மாணவர்களை வீட்டிலிருக்கிற போனில் மூன்று நிமிடம் எடுத்துவரச் சொன்னேன். கனபேர் சினிமாப் பாட்டைப் போட்டு, மெதுவாக நடந்து வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தன் தாத்தா குளத்துத் துருசு திறக்கிறதை எடுத்திருந்தாள். முறுக்குகிற கையில் நரம்பு புடைக்கிறது, பிறகு தண்ணீர் வருகிறது. ஏன் பாட்டுப் போடவில்லை என்று கேட்டேன். "தண்ணிச் சத்தம் கேக்கோணும் எல்லோ சேர்."

வருகிற தவணை இவை எல்லாவற்றையும் ஊர்ச் சனத்துக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டிக் காட்டப்போகிறோம். புறொஜெக்ரர் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் வாருங்கள். பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. எட்டு மணிக்கு முன்னம் முடிக்கவேணும் என்று இப்போதே சொல்லிவிட்டா.