பெட்டி தள்ளியே இருக்கட்டும்

போன ஞாயிறு மதியம் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊரின் பழைய ஆலயத்துக்கு, ஜியோகேச் விளையாட்டில் ஒளித்து வைத்த ஒரு பெட்டியைத் தேடிப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, சாந்து எதுவும் பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர். அதில் ஏழெட்டுக் கற்களைப் பிடுங்கிப் புல்லில் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் தேட வந்த யாரோதான். பெட்டி அந்தச் சுவரில் இல்லவே இல்லை. பத்தடி தள்ளி ஒரு வேலிக் கம்பியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. கற்களைத் திரும்ப அடுக்கப் பார்த்தேன். எது எதன்மேல் இருந்தது என்று தெரியாமல் ஒன்றும் உட்காரவில்லை. அன்றிலிருந்து மனசே சரியில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். நாம் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அதில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. தொடக்கம் அதுதான். இங்கிலாந்தில் இப்போது ‘சர்ச் மைக்ரோ’ என்று ஆலயங்களை ஒட்டியே ஆயிரக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன. மைக்ரோ என்றால் ஃபிலிம் ரோல் டப்பா அளவு, சில சமயம் அதைவிடச் சின்னது.

கல்லறையில் என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அந்தக் கட்சி இல்லை. நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த விளையாட்டு இல்லாவிட்டால் இந்த நாட்டின் சேகர ஆலயம் (அந்தந்த ஊர்ச் சபையின் ஆலயம்) ஒன்றுக்குள்கூடக் கால் வைத்திருக்க மாட்டேன். பகலில் பல ஆலயங்கள் பூட்டாமல்தான் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. எண்ணூறு வருஷத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காணிக்கைப் பெட்டியில் சில்லறை போட்டுவிட்டு வந்த நாட்கள் எனக்குப் பொக்கிஷம்.

என் குறை விளையாட்டின்மேல் இல்லை, பெட்டியை வைக்கும் இடத்தின்மேல். சேகரத்தாரிடம் அனுமதி வாங்க வேண்டும், சுவருக்குச் சேதம் வரும்படி வைக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. அந்த ஊரில் பெட்டி வைத்தவரும் விதியை மீறவில்லை. ஆனால் யூ மரத்தடியிலும் கோபுரத்தின் ஓரத்திலும் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் தடுமாறும். அந்த வட்டத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் தேடுகிறவன் சந்தேகப்படுவான். வைத்தவர் பெட்டியைச் சுவரில் வைக்கவில்லை, சரி. தேடுகிறவனுக்கு அது தெரியாதே! சுவர் மட்டுமா? கல்லறைக் கற்களில் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கிறதே லைக்கன் என்ற பாசி போன்ற உயிர், அதில் பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. இந்நாட்டின் ஆலயத் தோட்டங்களில் 700க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டிருக்கிறார்கள். நகத்தால் ஒரு தடவை சுரண்டினால் போயிற்று.

ஆகவே நான் சொல்வது இதுதான்: பெட்டியின் இடத்தை நேரடியாகச் சொல்லாமல், சில கேள்விகளின் பதில்களிலிருந்து அதன் ஜிபிஎஸ் எண்கள் வரும்படி வைக்கலாம். கேள்விகள் ஆலயத்துக்குள் இருக்கட்டும், பெட்டி குறைந்தது இருநூறு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பதிலைக் கண்ணால் பார்த்து எண்ணிக்கொள்ளலாம், எதையும் கையால் தொட வேண்டியதில்லை.

க்ளோஸ்டர்ஷையரில் ஃபேர்ஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே புனித மரியாள் ஆலயத்தை 1490களில் ஜான் டேம் என்ற கம்பளி வியாபாரி எடுத்துக் கட்டினார். மிச்ச வேலையை அவர் மகன் எட்மண்ட் முடித்தார். அதன் 28 ஜன்னல்களிலும் பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்து வண்ணக் கண்ணாடி. ஏவாளில் தொடங்கிக் கடைசி நியாயத்தீர்ப்பு வரை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி கதை ஓடுகிறது. மதச் சீர்திருத்தக் காலத்திலும் உள்நாட்டுப் போரிலும் நாடெங்கும் இப்படிப்பட்ட கண்ணாடிகளை உடைத்துத் தள்ளினார்கள், இவை தப்பித்தன. 1703ஆம் ஆண்டுப் பெரும்புயல் மட்டும் மேற்கு ஜன்னலைக் கெடுத்தது. இரண்டாம் உலகப் போரில் எல்லாவற்றையும் கழற்றி ஒளித்து வைத்து, பிறகு திரும்பப் பொருத்தினார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அங்கே ஒரு பெட்டி வைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் இப்படித்தான் கேட்பேன். வடக்குப் பக்கம் மேல்வரிசை ஜன்னல்களில் திருச்சபையைத் துன்புறுத்தியவர்கள் எத்தனை பேர்? (பன்னிரண்டு. எதிரே தெற்கில் நல்லவர்களும் பன்னிரண்டு.) மேற்கு ஜன்னலின் நரகத்தில் ஒரு பேய் ஒரு கிழவியை எதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது? ஒற்றைச் சக்கர வண்டியில்! அப்புறம் வெளியே வந்து, டிடில்ஸின் கல்லைத் தேடச் சொல்வேன். டிடில்ஸ் அந்த ஆலயத்துப் பூனை. 1963இலிருந்து 1980 வரை வாழ்ந்தது. அதற்கென்று ஒரு சின்னக் கல்லறைக் கல்லே வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளையும் எண்களில் சேர்த்தால் கோல்ன் ஆற்றங்கரைப் பாதையில் ஓர் இடம் வரும்படி கணக்குப் போடலாம். அதற்குள் தேடுகிறவர் ஒரு மணி நேரமாவது ஆலயத்துக்குள் அண்ணாந்து பார்த்திருப்பார். சுவரில் ஒரு கல்லும் அசைந்திருக்காது.

நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே பிள்ளைகளோடு இந்த விளையாட்டுக்குப் போகிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லையா, ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். கல்லை நகர்த்தாதீர்கள், பிள்ளைகளையும் நகர்த்த விடாதீர்கள். கல்லறைப் பக்கம் யாராவது பூ வைத்துக்கொண்டிருந்தால் அவர் போகும்வரை காத்திருங்கள்.

அந்தச் சுவரைப் பற்றி அந்தச் சேகரத்துக்கு எழுதியிருக்கிறேன், பெட்டி வைத்தவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். சேகரத்திலிருந்து பதில் வந்துவிட்டது. கல் அடுக்கத் தெரிந்தவர் ஊரிலேயே ஒருவர் இருக்கிறாராம், சனிக்கிழமை வருகிறாராம். கூட நின்று கல் எடுத்துக் கொடுக்க நானும் போகிறேன்.