எரியப்போகிற வீடாம்!

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஆலய வளாகத்தில் மரக்கன்று வைக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில்: "எரியப்போற வீட்டுக்கு எதுக்கு ஐயா வெள்ளையடிக்கணும்?" கடைசி நாளில் இந்தப் பூமியே எரிந்துபோகும், மரம் எதற்கு என்று அர்த்தம். சபை முழுக்கச் சிரிப்பு.

தேவன் தாம் படைத்ததை மீட்கிறவர், தூக்கியெறிகிறவர் அல்ல. ரோமர் 8:21-ஐ எடுத்துப் பாருங்கள். அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாக்கப்படப்போவது எது? ஆத்துமா என்றா இருக்கிறது? "சிருஷ்டி" என்று இருக்கிறது. அடுத்த வசனத்தில் அது தவிப்பது பிரசவவேதனையில். நாமோ பிரசவ அறை வாசலில் உட்கார்ந்து பாடை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உடனே 2 பேதுரு 3:10-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். "எரிந்து அழிந்துபோம்" என்றுதான் நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்னும் பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குக் "கண்டறியப்படும்" என்று பொருள். "எரிந்துபோம்" என்பது 5-ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் பிரதியில் உள்ள வாசகம். பிரதிகளே வேண்டாம், 6-ஆம் வசனத்தைப் படியுங்கள். ஜலப்பிரளயத்தில் அப்போதிருந்த உலகம் அழிந்தது என்கிறார் பேதுரு. அந்த "அழிந்த" உலகத்தில்தான் நோவா பேழையைவிட்டு இறங்கினான். இறங்கித் திராட்சத்தோட்டம் நட்டான். (குடித்தது வேறு கதை.) நட்டதற்காக அவனை யாரும் சிரித்ததாக எழுதியில்லை.

"வெளிப்படுத்தின விசேஷம் 21:1-இல் முந்தின பூமி ஒழிந்துபோயிற்றே?" சரி. 2 கொரிந்தியர் 5:17-இலும் "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்று இருக்கிறது. மனந்திரும்பியவர் ஆவியாகிப் போய், அவர் இடத்தில் வேறொரு ஆளா வந்தார்? அதே ஆள், அதே முகம். "சகலத்தையும் புதிதாக்குகிறேன்" என்றுதான் 21:5-இல் சொல்கிறார்; வேறு சகலத்தை உண்டாக்குகிறேன் என்றில்லை. இங்கே வரும் கிரேக்கச் சொல் "கைனோஸ்" தன்மையில் புதிது, இன்னொரு சொல்லான "நேயோஸ்" காலத்தில் புதிது என்று பிரித்துச் சொல்வார்கள். இரண்டும் கலந்து வரும் இடங்களும் உண்டு, அதனால் அதை நான் பெரிதாகப் பிடித்துத் தொங்கவில்லை.

விசுவாசிகள் பூமியைவிட்டு மேகத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்களே என்பீர்களா? 1 தெசலோனிக்கேயர் 4:17-இல் "எதிர்கொண்டு" என்பதற்கு உள்ள அதே சொல் அப்போஸ்தலர் 28:15-இல் வருகிறது. மூன்று சத்திரம் என்ற இடம்வரை பவுலை எதிர்கொண்டு வந்தவர்கள் அவரை ரோமாபுரிக்கு அழைத்துப் போக வந்தவர்கள். சத்திரத்திலிருந்து எங்கும் பறந்துபோக வந்தவர்கள் அல்ல. அப்படியே நாமும் வருகிற ஆண்டவரைப் பூமிக்கு அழைத்துவரத்தான் எதிர்கொண்டு போகிறோம்.

"சுவிசேஷத்தை விட்டுவிட்டு மரம் நடுவதா?" விட்டுவிடச் சொன்னது யார்? இதற்கு மேல் பதில் சொல்லப் பொறுமையில்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது: எனக்கு வெளிநாட்டுப் புத்தகம் தலைக்கேறிவிட்டதாம். விசுவாசப்பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சேர்ந்து சொல்கிறோமே, அது எந்த வெளிநாட்டுப் புத்தகம்? உயிர்த்தெழுந்தவர் சாப்பிட ஏதாவது உண்டா என்று கேட்டு, கொடுத்த பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டார். ஆணித் தழும்பு கையிலேயே இருந்தது. பழைய சரீரத்தைக் கல்லறையில் விட்டுவிட்டு வேறொன்றில் வரவில்லை.

எல்லாம் எரியும் என்கிறவர்கள் எல்லைக் கல்லுக்காக மட்டும் எத்தனை வருடம் வழக்கு நடத்துகிறீர்கள்! எரியப்போகிற மண்தானே, விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே?

அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

வசனத்தோடு சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். 2 பேதுரு 3-ஐப் பத்தாம் வசனத்தோடு மூடிவைக்காமல், "நீதி வாசமாயிருக்கும் புதிய வானங்களும் புதிய பூமியும்" என்கிற பதின்மூன்றையும் படித்துவிட்டு வாருங்கள்.